மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறதா? எம்.டி.டி. சோதனையைச் செய்யும் முறை

உயிருள்ள செல்கள் எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை ஊதா நிற ஃபார்மசான் படிகமாக மாற்றும். செத்த செல்கள் மாற்றாது. ஊதாவை அளந்தால் எவ்வளவு செல் பிழைத்தது என்று தெரிந்துவிடும். 1983-இல் மோஸ்மன் வெளியிட்ட முறை இது. செலவு குறைவு, கற்பதும் எளிது. ஆனால் இந்தச் சோதனையை ஏமாற்றுவதில் மூலிகைச் சாறு கெட்டிக்காரப் பொருள். அதனால் சோதனைத் தட்டில் செல்லும் சாறும் சேர்ந்த குழிகளைவிட, ஒப்பீட்டுக்காக வைக்கும் குழிகளில்தான் உங்கள் கவனம் அதிகம் இருக்க வேண்டும்.

செடியும் சாறும்

செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்றை எண்ணிட்டு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வையுங்கள். கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு, மஞ்சள் பூ பூப்பதும் உண்டு. இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். பெயரை மட்டும் நம்பினால் முழு வேலையும் வீண்.

நிழலில் உலர்த்திப் பொடித்து, 50 கிராம் பொடிக்கு 70 சதவீத எத்தனால் 500 மி.லி. ஊற்றி, மூடி, 48 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். வடிகட்டி, சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரி செல்சியஸில் எத்தனாலை நீக்குங்கள். மிஞ்சும் தண்ணீரை உறைநிலை உலர்த்தியில் எடுத்துவிடுங்கள். எடை மாறாமல் நிற்கும்வரை உலர வேண்டும். கரைப்பான் மிஞ்சியிருந்தால் செல்லைக் கொல்வது எத்தனாலாக இருக்கும், பெயர் மூலிகைக்குப் போகும். 50 கிராம் பொடியில் 5 கிராம் சாறு கிடைத்தால் விளைச்சல் 10 சதவீதம். மைனஸ் 20 டிகிரியில் சேமியுங்கள்.

கரைசல்கள்

100 மி.கி. சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 1 மி.லி.-இல் கரையுங்கள். செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டியை டி.எம்.எஸ்.ஓ. கரைத்துவிடும், வடிகட்ட வேண்டுமென்றால் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) சவ்வு வேண்டும்.

தொடக்கநிலையில் பலரும் தவறுவது அடுத்த படியில். நேராகச் செல் வளர்க்கும் ஊடகத்திலேயே பாதி பாதியாக நீர்த்தால் டி.எம்.எஸ்.ஓ. அளவும் குழிக்குக் குழி குறைந்துகொண்டே போகும், ஒப்பிட முடியாது. அதனால் முதலில் டி.எம்.எஸ்.ஓ.-விலேயே 100, 50, 25, 12.5, 6.25, 3.125 மி.கி./மி.லி. என ஆறு குழாய்கள் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் 4 மைக்ரோலிட்டர் எடுத்து 996 மைக்ரோலிட்டர் ஊடகத்தில், குலுக்கிக்கொண்டே சொட்டுங்கள். குழியில் சமபங்கு ஊடகத்தோடு சேரும்போது சாறு 200 முதல் 6.25 மைக்ரோகிராம்/மி.லி. வரை இருக்கும், டி.எம்.எஸ்.ஓ. எல்லாவற்றிலும் 0.2 சதவீதமே. கலங்கினால் சாறு வீழ்படிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் செறிவை விட்டுவிடுங்கள்.

தட்டு

முதல் நாள், 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல்களை 100 மைக்ரோலிட்டரில் விடுங்கள். எம்.சி.எஃப்-7 (மார்பகம்), ஹெப்ஜி2 (கல்லீரல்), ஏ549 (நுரையீரல்) போன்றவை பழகிய புற்றுச் செல் வரிசைகள். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்று இல்லை என்று முன்பே சோதித்திருக்க வேண்டும். ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி எண்கள் எகிறும் என்பதால் அவற்றில் பி.பி.எஸ். (உப்புத் தாங்கல் கரைசல்) மட்டும் ஊற்றுங்கள்.

24 மணி நேரம் கழித்து ஒவ்வொரு செறிவிலும் 100 மைக்ரோலிட்டர், மூன்று குழிகளில். இவற்றோடு:
- 0.2 சதவீத டி.எம்.எஸ்.ஓ. மட்டும் உள்ள செல்கள்
- டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து விட்ட செல்கள்
- செல் இல்லாமல் ஊடகம் மட்டும்
- செல் இல்லாமல் ஒவ்வொரு செறிவிலும் சாறு

பட்டியலில் கடைசியாக உள்ளதை விட்டுவிடாதீர்கள். பாலிபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் நிறைந்த சாறு, செல்லே இல்லாமல் எம்.டி.டி.-யை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதாகத் தெரியும்.

48 மணி நேரம் கழித்துச் சாறுள்ள ஊடகத்தை மெல்ல உறிஞ்சி, பி.பி.எஸ். கொண்டு ஒருமுறை கழுவுங்கள். புது ஊடகம் 100 மைக்ரோலிட்டரும், 5 மி.கி./மி.லி. எம்.டி.டி. 10 மைக்ரோலிட்டரும் விட்டு, இன்குபேட்டரில் இருட்டில் 3 முதல் 4 மணி நேரம் வையுங்கள். ஊடகத்தை எடுத்து, 100 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. ஊற்றி, 10 நிமிடம் குலுக்கி, 570 நானோமீட்டரில் அளவிடுங்கள். படிகம் முழுதும் கரையாவிட்டால் மூன்று குழிகளும் மூன்று விதமாகக் காட்டும்.

கணக்கு

குழியின் அளவீட்டிலும் டி.எம்.எஸ்.ஓ. குழியின் அளவீட்டிலும் வெற்று அளவீட்டை (செல் இல்லாத குழியின் அளவீட்டை) கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பிழைத்த செல்களின் சதவீதம் வரும். டி.எம்.எஸ்.ஓ. குழி 0.95, வெற்று 0.05, சாற்றுக் குழி 0.50 என்றால் பிழைப்பு 50 சதவீதம். சாற்றுக் குழிக்கு அதே செறிவின் செல்லில்லாக் குழிதான் வெற்று. பிழைப்பு பாதியாகும் செறிவே ஐ.சி.50. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகா.

கச்சாச் சாற்றுக்கு ஐ.சி.50 சுமார் 30 மைக்ரோகிராம்/மி.லி.-க்குக் கீழே இருந்தால் மேலே தொடரலாம். 200-லும் பாதி சாகவில்லையா, வேறு செடி பாருங்கள்.

பிளீச்சும்தான் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். ஆகவே இதே சோதனையைப் புற்றல்லாத செல் வரிசையிலும் செய்யுங்கள். அதன் ஐ.சி.50-ஐப் புற்றுச் செல்லின் ஐ.சி.50-ஆல் வகுத்து வரும் எண் 3-ஐத் தொடவில்லை என்றால் அந்தச் சாறு வெறும் நஞ்சு என்றே எடுத்துக்கொள்வோம். நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது உண்மை. அது பிரித்துத் தூய்மையாக்கிய ஒற்றைச் சேர்மம், இலைக் கஷாயம் அல்ல. உங்கள் தட்டின் முடிவை வைத்து யாருக்கும் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

எம்.டி.டி. அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல் சாகாமல் பெருக்கம் மட்டும் நின்றாலும் ஊதா குறையும். எனவே ஐ.சி.50 செறிவில், செத்த செல்லை மட்டும் நிறமாக்கும் டிரைபான் நீலம் போட்டு எண்ணிப் பார்த்து, பிறகு செல்லின் தன்னழிவைக் காட்டும் அனெக்சின்-வி சாயமிட்டு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சாவின் வகையைப் பாருங்கள். அதுவும் ஒத்துவந்த பிறகே சாற்றைப் பகுதிகளாகப் பிரிக்கத் தொடங்குங்கள்.