பெஞ்ச் பிரஸ்ஸின் வினோத வடிவங்கள்: எது உதவும், எங்கே தவறுகிறார்கள்?

பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய பாரை நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். அதிலேயே பாரைக் கழுத்துக்கு இறக்குகிறவர், உள்ளங்கையைத் திருப்பிப் பிடிக்கிறவர், இரண்டு கால்களையும் நீட்டி அந்தரத்தில் வைத்துக்கொண்டு தள்ளுகிறவர் என்று எந்த ஜிம்மிலும் ஒருவராவது இருப்பார். விசித்திரமாகத் தெரிவதாலேயே இவற்றைத் தவறென்று ஒதுக்கவும் முடியாது, பெரிய லிஃப்டர் யாரோ செய்தார் என்பதற்காக ஏற்கவும் முடியாது. இவற்றில் பல ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை. அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லையென்றால் அந்த வடிவமும் தேவையில்லை.

தேவை இருந்தும் கெடுத்துக்கொள்கிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் தவறு ஒன்றுதான். வடிவத்தை மாற்றுவார்கள், எடை, பார் தொடும் இடம், பார் தவறினால் தாங்குவதற்கு இரு பக்கமும் போடும் கம்பியான சேஃப்டி பின்னின் உயரம் மூன்றையும் பழையபடியே விட்டுவிடுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண பெஞ்ச் எப்படி இருக்கும் என்று முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகள் பின்னும் கீழுமாக இறுக்கப்பட்டிருக்கும். முழங்கை உடலிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 70 டிகிரி விலகியிருக்கும். பார் முலைக்காம்பு மட்டத்திலோ சற்றுக் கீழோ தொட்டு, மேலே போகும்போது தோளை நோக்கிக் கொஞ்சம் பின்னால் வளையும். கீழே தொடும் நேரத்தில் முன்கை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் செங்குத்தாக நிற்கும். பிடியையோ முழங்கைக் கோணத்தையோ மாற்றினால் பார் தொடும் இடமும் நகர்ந்தாக வேண்டும். நகராவிட்டால் முன்கை சாயும். அந்தச் சுமையை மணிக்கட்டோ முழங்கையோ வாங்கிக்கொள்ளும்.

தலைகீழ்ப் பிடி

உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி பிடிக்கும் ரிவர்ஸ் கிரிப்பை வெறும் வித்தை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இந்த வினோதங்களில் உண்மையாகவே பயன் தரக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. 1990களில் பவர்லிஃப்டிங் எனும் எடை தூக்கும் போட்டியின் வீரர் ஆன்டனி கிளார்க், பாரைத் தள்ள உதவும் இறுக்கமான பெஞ்ச் ஷர்ட் அணிந்து மிகப் பெரிய எடைகளைத் தள்ளியது இந்தப் பிடியில்தான். முழங்கை தானாகவே உடலை ஒட்டி வருவதால், சாதாரண பிடியில் முன்தோள் வலிக்கும் சிலருக்கு இதில் வலி குறைகிறது. மேல் நெஞ்சும் பைசெப்ஸும் கூடுதலாக வேலை செய்வதைத் தசை மின் அளவீடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆபத்து, ரெப்பில் (ஒரு முறை இறக்கித் தள்ளுவதில்) இருப்பதைவிடப் பாரை ரேக்கிலிருந்து எடுப்பதிலும் திரும்ப வைப்பதிலும்தான் அதிகம். கை தலைக்குப் பின்னால் நீண்டிருக்கும்போது உள்ளங்கை திரும்பிய நிலையில் பிடிக்கு வலு குறைவு. ரேக்கின் கொக்கி ஒரு துளை உயரமாக இருந்தாலே தோளைத் தளர்த்தித்தான் எடுக்க முடியும். எனவே கொக்கியை வழக்கத்தைவிட ஒரு துளை தாழ்த்துங்கள். எடுக்கவும் வைக்கவும் தலைமாட்டில் நின்று உதவும் ஸ்பாட்டர் ஒருவர் தேவை. ஆள் இல்லாத நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

பிடி தோள் அகலமோ, அதைவிட ஒரு கை அகலம் கூடுதலோ போதும். அதற்கு மேல் அகலமாகப் பிடித்தால் மணிக்கட்டு வெளிப்பக்கமாக முறுக்கப்படும். பார் விரல்களின் அடியில் நிற்காமல், உள்ளங்கையின் அடிமேட்டில் குறுக்காகப் படிய வேண்டும். கட்டைவிரல் கண்டிப்பாகப் பாரைச் சுற்றியிருக்க வேண்டும். அடுத்த பெரிய தவறு தொடும் இடத்தில் வருகிறது. பழக்கத்தில் நெஞ்சின் நடுவுக்கே இறக்குவார்கள். இந்தப் பிடியில் பார் நெஞ்செலும்பின் கீழ் முனைக்கோ வயிற்றின் மேல் விளிம்புக்கோ வர வேண்டும். அப்போதுதான் முன்கை செங்குத்தாகும். முதல் சில முறை வெறும் 20 கிலோ பாரோடு பழகி, பிறகு வழக்கமான எடையில் பாதியைத் தொடுங்கள். எடை கூடக் கூட ஆசையும் கூடும். ஆனால் இதில் தோல்வி வரை, அதாவது இனி ஒரு ரெப்பும் வராது என்கிற வரை, போகும் செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதி) கூடவே கூடாது. சோர்ந்த கையோடு பாரைத் திரும்ப ரேக்கில் வைக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முழங்கையை ஒட்டி வைத்து உள்ளங்கையை முழுதாக மேல்நோக்கித் திருப்ப முடியாதவர்களுக்கு இந்த வடிவம் ஒத்துவராது.

கழுத்துக்கு இறக்கும் கில்லட்டின் பிரஸ்

உடற்கட்டு உலகில் இதைப் பரப்பியவர் வின்ஸ் கிரோண்டா. முழங்கையை உடலுக்கு 90 டிகிரியில் விரித்து, பாரைத் தொண்டைக்கு மேலே இறக்குவது. இதில் நெஞ்சு நன்றாக இழுபடுவது உண்மை. பார் தோளின் நேர்மேலே வருவதால் முன்தோளின் பங்கு குறைந்து, கையை உள்நோக்கி அணைக்கும் வேலை நெஞ்சுத் தசைக்குப் போகிறது. கிரோண்டா சொன்ன காரணத்தில் பிழை இல்லை. அதற்குக் கொடுக்கும் விலையில்தான் சிக்கல்.

கை 90 டிகிரி விரிந்து, உள்நோக்கிச் சுழன்றும் இருக்கும்போது தோளின் மேல் எலும்புக்கு அடியிலுள்ள தசைநாண்கள் நெருக்கப்படுகின்றன. எடை ஏற ஏற அந்த நெருக்கம் கூடும். அதோடு, சாதாரண பெஞ்சில் பார் தவறினால் நெஞ்செலும்பும் விலாவும் தாங்கும். இங்கே கீழே இருப்பது மூச்சுக்குழல். கட்டைவிரலைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறவர்களும் உண்டு. அது மன்னிக்க முடியாத அலட்சியம்.

அந்த இழுவிசைதான் வேண்டுமென்றால் டம்பெல் போதும். முழங்கையை 70, 75 டிகிரியில் வைத்து மெதுவாக இறக்கினால் நெஞ்சுக்கு அதே நீட்சி கிடைக்கும், கழுத்துக்கு மேலே பாரும் இருக்காது. பாரில்தான் செய்வேன் என்பவர்கள் கழுத்தை விட்டுவிட்டுக் காரையெலும்புக்கு மூன்று நான்கு செ.மீ. கீழே தொடட்டும். சேஃப்டி பின் கழுத்தைவிட உயரமாக இருக்கிறதா என்று வெறும் பாரைப் பின்மேல் வைத்துப் படுத்துப் பார்த்த பிறகே பிளேட் போட வேண்டும். எடை, 12 ரெப் சிரமமில்லாமல் வரும் அளவுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் கணிப்பில் பெரும்பாலோருக்கு இந்த வடிவம் தேவைப்படாது.

காலை நீட்டுவதும் பாதியில் நிறுத்துவதும்

லார்சன் பிரஸ்ஸில் கால்கள் நேராக நீண்டு, குதிகால் தரையைத் தொடாமல் இருக்கும். கால் உந்துதல் இல்லாததால் முழு வேலையும் மேல் உடலுக்கு வருகிறது. கால் உந்துதலை நம்பியே ரெப் முடிக்கிறவர்களுக்கும், கீழ்முதுகு வளைவைக் குறைத்துப் பயிற்சி செய்ய வேண்டியவர்களுக்கும் இது நல்ல கருவி. வழக்கமான எடையில் 80 சதவீதத்தில் தொடங்கலாம்.

இதில் செய்யும் தவறு, கால் நீண்டவுடன் தோள்பட்டை எலும்பின் இறுக்கத்தையும் விட்டுவிடுவது. கால் உந்துதல்தான் போக வேண்டும். மேல்முதுகின் பிடிப்பு அப்படியே இருக்க வேண்டும். இன்னொரு தவறு கண்ணில் படாது. கால் நீட்டியதும் முதுகு வளைவு தாழ்ந்து, நெஞ்சும் சில செ.மீ. கீழே போய்விடும். வளைவோடு படுத்தபோது வைத்த சேஃப்டி பின்னின் உயரத்திலேயே செய்தால் பார் நெஞ்சைத் தொடுமுன் பின்னில் இடிக்கும். எரிச்சலில் பின்னையே கழற்றி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு துளை இறக்கினால் முடிகிற விஷயம். கால்களைப் பெஞ்சின் மேலே மடக்கி வைத்துச் செய்வது இதன் இன்னொரு வகை. இடுப்பு பக்கவாட்டில் ஆடும் என்பதால் அதற்கு எடை இன்னும் குறைய வேண்டும்.

ஸ்போட்டோ பிரஸ் 2013இல் ஷர்ட் இல்லாமல் 327.5 கிலோ தள்ளிய எரிக் ஸ்போட்டோவின் பெயரால் அழைக்கப்படுவது. பாரை நெஞ்சுக்கு இரண்டு, மூன்று செ.மீ. மேலே நிறுத்தி, ஒன்று அல்லது இரண்டு நொடி அசையாமல் வைத்துவிட்டுத் தள்ள வேண்டும். நெஞ்சில் பாரை எகிறவைத்துத் தூக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் மூன்றாவது ரெப்பில் மூன்று செ.மீ. ஐந்தாகும், ஐந்தாவதில் எட்டாகும். செட் முடியும்போது அரை ரெப் செய்துகொண்டிருப்பார்கள். பக்கவாட்டில் மொபைலை வைத்து ஒரு செட்டைப் படமெடுத்தால் தெரிந்துவிடும். இதை மட்டுமே வாரக்கணக்கில் செய்து, நெஞ்சைத் தொட்டுத் தள்ளுவதை மறந்துவிடுவதும் நடக்கிறது.

வளைவும் பிடி அகலமும்

பாலம் மாதிரி வளைந்து ஒரு சாண் தூரம் மட்டும் பாரை நகர்த்துவதைக் கேலி செய்வார்கள். பவர்லிஃப்டிங் போட்டியில் அது முறையான உத்தி. பன்னாட்டு பவர்லிஃப்டிங் கூட்டமைப்பான ஐ.பி.எஃப். விதிப்படி ஆள்காட்டி விரல்களுக்கு இடையே அதிகபட்சம் 81 செ.மீ. இருக்கலாம், பிட்டம் பெஞ்சைவிட்டு எழக் கூடாது. 2023 முதல், பார் கீழே இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. போட்டிக்குப் போகாமல் நெஞ்சு வளர்க்க மட்டும் வந்தவர் இந்த வளைவை நகலெடுப்பதில் லாபமில்லை. தசை நீளும் தூரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். வளைப்பவர்களும் கீழ்முதுகை மட்டும் மடிக்கிறார்கள். வளைவு மேல்முதுகிலிருந்து வர வேண்டும். அதே ஐ.பி.எஃப். தலைகீழ்ப் பிடியையும் கட்டைவிரல் சுற்றாத பிடியையும் அனுமதிப்பதில்லை என்பதைப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிர்முனை, டிரைசெப்ஸுக்காக இரண்டு கட்டைவிரல்களும் தொடும்படி பிடிப்பது. தோள் அகலப் பிடி, அதாவது 35 முதல் 40 செ.மீ. இருந்தாலே டிரைசெப்ஸ் நன்றாக வேலை செய்யும். அதற்குள் நெருங்கினால் மணிக்கட்டு பக்கவாட்டில் வளைகிறதே தவிரக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

மற்றவை

தரையில் படுத்துச் செய்யும் ஃப்ளோர் பிரஸ், தோள் முழு ஆழத்துக்குப் போக முடியாதவர்களுக்கு ஏற்றது. முழங்கையைத் தரையில் மோதி எழுப்பாமல், மெதுவாக வைத்து ஒரு நொடி நிறுத்தித் தள்ளுங்கள். ஒரு நுணுக்கம்: 20 கிலோ பிளேட்டின் விட்டம் பொதுவாக 45 செ.மீ. இருக்கும், பார் விழுந்தாலும் தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். சிறிய பிளேட்டுகளை மட்டும் மாட்டினால் அந்த இடைவெளியும் குறையும் என்பதால் தனியாகச் செய்யும்போது அதை நம்பக் கூடாது.

ஜே.எம். பிரஸ், நெருக்கப் பிடி பெஞ்சுக்கும், படுத்தபடி முழங்கையை மட்டும் மடக்கிப் பாரை நெற்றிக்கு இறக்கும் ஸ்கல் கிரஷருக்கும் நடுவில் இருப்பது. முழங்கை முன்னோக்கி நிற்க, பார் தாடைக்கும் மேல் நெஞ்சுக்கும் இடையே இறங்கும். முழங்கைத் தசைநாண் இதில் சீக்கிரம் கோபித்துக்கொள்ளும். பெஞ்ச் எடையில் மூன்றில் ஒரு பங்கோடு தொடங்குவது நல்லது.

பாரின் இரு முனையிலும் ரப்பர் பேண்டில் கெட்டில்பெல்லைத் தொங்கவிட்டு ஆட ஆடத் தள்ளுவது வார்ம்-அப்பில் சரி. பக்கத்துக்கு 4 கிலோவே போதும். அதை வலிமைப் பயிற்சியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜிம் பந்தின் மேல் படுத்துக் கனமான டம்பெல் தள்ளுவதில் தள்ளும் எடை குறையும், பந்து வெடித்தால் விழவும் நேரும். தவிர்த்துவிடலாம்.

எடுத்துக்கொண்டால் எப்படி?

ஒரு நேரத்தில் ஒரு வடிவம் மட்டும். வாரத்தில் இரண்டு நாள் பெஞ்ச் செய்கிறீர்கள் என்றால், இரண்டாவது நாளில் 3 செட், 6 முதல் 8 ரெப், நான்கிலிருந்து ஆறு வாரம். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு ரெப் வரும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். முதல் நாளில் சாதாரண பெஞ்ச் மாறாமல் தொடரட்டும். அதில் எடை ஏறுகிறதா என்பதை வைத்துத்தான் அந்த வடிவம் உதவியதா என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு புதிய வடிவத்துக்கும் வெறும் பாரோடு படுத்து, சேஃப்டி பின்னின் உயரத்தைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்திருக்கும்போது பார் நெஞ்சைத் தொட வேண்டும். நெஞ்சைத் தளர்த்தி முதுகைச் சமமாக்கியதும் சேஃப்டி பின் பாரைத் தாங்க வேண்டும். சேஃப்டி பின் இருந்தால், பிளேட் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பைப் போடுங்கள். பின்னும் இல்லை, ஆளும் இல்லை என்றால் சாதாரண பெஞ்சைக்கூடக் கிளிப் இல்லாமல் செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவவிடலாம். அந்த நிலையில் தலைகீழ்ப் பிடி, கழுத்துக்கு இறக்குவது இரண்டையும் தொடவே வேண்டாம்.

செட் முடிந்த பிறகு தசையில் தெரியும் எரிச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். தோளின் முன்பக்கத்தில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து வலி, முழங்கையின் உள்பக்கம் மறுநாளும் நீடிக்கும் வலி ஆகியவை வேறு. முதலில் பிடியை இரண்டு செ.மீ. மாற்றி, எடையைப் பாதியாக்கிப் பாருங்கள். அடுத்த இரண்டு பயிற்சியிலும் அதே இடத்தில் வலித்தால் அந்த வடிவத்தை விட்டுவிடுங்கள். சாதாரண பெஞ்சிலும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டுங்கள்.