ரோபோ முட்டி ஆபரேஷன்: கேட்காமல் விடும் கேள்விகள்

தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ முட்டிவலி என்று வாயைத் திறந்தால் போதும், "ரோபோ இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தேய்ந்த முட்டிக்குச் செயற்கை மூட்டு பொருத்தும் ஆபரேஷனை ரோபோவே செய்துவிடும் என்ற நினைப்புதான் முதல் தவறு.

செய்வது டாக்டர்தான். சில கருவிகள் முன்பே எடுத்த சிடி ஸ்கேனை வைத்து உங்கள் எலும்பின் முப்பரிமாண வடிவத்தைக் காட்டும். சிலவற்றுக்கு ஸ்கேனே வேண்டாம்; ஆபரேஷன் மேஜையில் வைத்தே எலும்பின் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் பதிவு செய்வார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் உலோக ஊசிகளை இறக்கி, அவற்றில் அடையாளக் குச்சிகளைப் பொருத்துவார்கள். கால் மடங்கும்போது கேமரா அந்தக் குச்சிகளைப் பார்த்து அளவைச் சொல்லும். சில கருவிகளில், குறித்த எல்லையை ரம்பம் தாண்டாமல் ரோபோ கை பிடித்துக்கொள்ளும். எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கோணம் என்பதெல்லாம் டாக்டர் போடும் கணக்கு. ஆகவே, இந்தக் கருவியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், நடுவில் அது நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

"உங்களுக்கென்றே செய்த மூட்டு" என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் மூட்டு தயாராக உள்ள அளவுகளில் ஒன்றுதான். அதை உங்கள் காலின் இயல்பான வளைவுக்கு ஏற்பப் பொருத்துவதில்தான் தனித்தன்மை. ரோபோவால் வெட்டு துல்லியமாகிறது, சரி. ஆனால் கைதேர்ந்த டாக்டர் வழக்கமான முறையில் செய்வதைவிட, பல வருடம் கழித்து வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

அப்புறம் பணம். செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு உச்சவிலை நிர்ணயித்துவிட்டது. ரோபோ கட்டணம் அதில் அடங்காது. பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பற்றி விசாரிக்காமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வீட்டில் நடப்பது. சொகுசாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். அப்புறம் காலை முழுதாக நீட்ட முடியாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். வலிக்கிறதே என்று பிசியோதெரபியை விடாதீர்கள். வண்ணாரப்பேட்டை மாடி வீடுகளின் செங்குத்தான படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.