ஸ்டேட் பார்க் கேம்பிங் இடம் யாருக்கு முதலில்? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். புளோரிடா கடற்கரையில் கூடாரம் போட ஓர் இடம் வேண்டுமென்றால், காலை 8 மணிக்கு நானும் கணவரும் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவோம். தீபாவளி ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிற அதே படபடப்புதான். 2024 ஜனவரி முதல் அங்கே விதி மாறிவிட்டது. புளோரிடாவில் வசிப்பவர்கள் 11 மாதங்களுக்கு முன்பே ஸ்டேட் பார்க்கில், அதாவது மாநில அரசு நடத்தும் பூங்காவில், இடம் பதிவு செய்யலாம். வெளிமாநிலத்தவர்களுக்கு 10 மாதம்தான். நாங்கள் லேப்டாப்பைத் திறக்கும்போது, அந்தத் தேதிகளை ஒரு மாதமாக வேறு யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சட்டங்களைத் தேடிப் படித்தபோது, நண்பர்கள் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசும் எல்லோரும், என்னையும் சேர்த்து, திரும்பத் திரும்ப அதே தவறுகளைச் செய்கிறோம் என்று புரிந்தது.

நம் ஆட்களிடம் அதிகம் பார்ப்பது, ‘ரெசிடென்ட்’ என்றால் அமெரிக்கக் குடிமகன் என்று நினைத்துக்கொள்வது. அப்படி இல்லை. எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தாம்பாவில் எச்1பி விசாவில் வேலை பார்க்கும் குடும்பத்திடம் புளோரிடா ஓட்டுநர் உரிமம் இருந்தால், 11 மாதச் சலுகை அவர்களுக்கும் உண்டு. பிறந்ததிலிருந்து அமெரிக்கக் குடிமகனாக இருக்கும் அட்லாண்டாக்காரருக்குக் கிடையாது. இது தெரியாமல் சலுகையை விட்டுவிட்டவர்களை எனக்கே தெரியும்.

நேஷனல் பார்க்கையும் ஸ்டேட் பார்க்கையும் போட்டுக் குழப்புவதும் வழக்கம். யெல்லோஸ்டோன், யோசெமிட்டி எல்லாம் மத்திய அரசுடையவை. அங்கே ஒஹாயோகாரரும் கலிஃபோர்னியாகாரரும் ஒன்றுதான். 2026 ஜனவரி முதல் 11 நேஷனல் பார்க்குகளில் வாங்கும் கூடுதல் 100 டாலர், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே பேசுவது ஸ்டேட் பார்க் பற்றி மட்டும்.

“வெளிமாநிலத்தவரைப் பிரித்துப் பார்ப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம்” என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்த வாதம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப் பல காலம் ஆகிவிட்டது. 1970-களில் மொன்டானாவில் எல்க் மான் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு உரிமம் வாங்கலாம். வெளியாட்கள் 225 டாலர் கொடுத்து, வேறு விலங்குகளும் சேர்ந்த மொத்த உரிமமாக எடுக்க வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் மொன்டானா ஜெயித்தது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. வேட்டைக்கே அப்படியென்றால், கூடாரம் போடுவதற்கு மட்டும் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லும் என்று நம்ப எனக்கு வழி தெரியவில்லை.

சரி, அதனால் ஒரு மாநிலம் தன் பூங்காவில் நினைத்ததையெல்லாம் செய்யலாமா? உள்ளூர்க்காரருக்கே முன்னுரிமை வேண்டும் என்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 1965 முதல் நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதி என்று ஒரு மத்திய நிதி இருக்கிறது. கடலுக்குள் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் பணத்திலிருந்து இதற்கு வருகிறது. நாடு முழுக்க எத்தனையோ ஸ்டேட் பார்க்குகள் நிலம் வாங்கவும் வசதிகள் கட்டவும் இதிலிருந்து உதவி பெற்றிருக்கின்றன. வாங்கிய பூங்காவுக்கு நிபந்தனைகளும் உண்டு: வெளிமாநிலத்தவரிடம் கட்டணம் கூடுதலாக வாங்கலாம், ஆனால் உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. முன்பதிவு இருந்தால் அது இரு தரப்புக்கும் திறந்திருக்க வேண்டும், அதற்கான காலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். “எங்களுக்கு மட்டும் ஆறு மாதம் முன்னால் திறந்துவிடுங்கள்” என்று கேட்கிறவர்கள், தங்கள் பூங்கா இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வாங்காத இடத்துக்கு இந்த நிபந்தனை பொருந்தாது.

“வரி கட்டுவது நாங்கள்” என்பது அடுத்தது. நியாயமான பேச்சுதான், ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் செல்லாது. மொன்டானாவில் வண்டிப் பதிவோடு சேர்த்துப் பூங்காவுக்கென ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். அதனால் அவர்களுக்கு நுழைவு இலவசம். மிச்சிகனில் 2010 முதல் இதே போன்ற ஏற்பாடு. இதைச் சலுகை என்று சொல்வதே தப்பு, அவர்கள் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் கதை வேறு. அங்கே பூங்காக்கள் தங்கள் வருமானத்திலேயே ஓடுகின்றன. பக்கத்து மாநிலத்து பாஸ்டனிலிருந்து வரும் குடும்பம் கொடுக்கும் கட்டணத்திலும்தான் கழிப்பறை சுத்தமாகிறது. அங்கே நின்று வரிக் கணக்கு பேசினால் எடுபடாது.

கட்டணத்தில் முன்னுரிமை, வரிசையில் முன்னுரிமை இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. 2021-ல் ஐடஹோ கட்டண வழியில் போனது. ஃபாராகட், பாண்டரோசா போன்ற கூட்டம் அலைமோதும் 5 பூங்காக்களில் வெளிமாநிலத்தவரின் கேம்பிங் கட்டணத்தை இரட்டிப்பாக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. கூடுதல் பணம் கேட்கிறார்கள், கொடுக்க முடிந்தால் போகலாம், அந்தப் பணமும் பூங்காவுக்குத்தான். வரிசையைப் பிரித்தால் நிலைமை வேறு. மிச்சம் இருக்கும் இடங்கள்தான் வெளியாளுக்கு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை வாரத்தில் பெரும்பாலும் அந்த மிச்சமும் இருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகும், வெளியூர்க்காரர் வந்துதான் இடம் போகிறது என்று புளோரிடாக்காரர்களும், உள்ளூர்க்காரர் அள்ளிக்கொண்டார்கள் என்று நாங்களும் நினைப்பது, பூங்காவுக்குள் போய்ப் பார்த்தால் நிற்காது. போன வருடம் எங்களுக்கு எப்படியோ இரண்டு இரவு கிடைத்தது. வெள்ளி மாலை கூடாரம் அடித்து முடித்தபோது, எங்கள் வரிசையிலேயே மூன்று இடங்கள் காலி. கம்பத்தில் பதிவுச் சீட்டு மட்டும் செருகியிருந்தது. சனிக்கிழமையும் யாரும் வரவில்லை. பெஞ்சில் காய்ந்த இலை, அடுப்புக் குழியில் நேற்றைய மழைத் தண்ணீர். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த அம்மா அதே மாவட்டத்துக்காரர். தன் தங்கை குடும்பத்துக்கும் இடம் கேட்டுப் பல வாரம் முயன்றதாகவும், முழுவதும் நிரம்பிவிட்டது என்றே காட்டியதாகவும் சொன்னார். சொல்லும்போதே அந்தக் காலி இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவுத் தொகை குறைவு என்பதால் பலர் இரண்டு மூன்று வார இறுதிகளுக்குப் பதிவு செய்துவைத்து, கடைசியில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள். ரத்து செய்யக்கூட மெனக்கெடுவதில்லை. கலிஃபோர்னியா இதைப் புரிந்துகொண்டு 2023-ல் ஒரு சட்டம் போட்டது. கடைசி நாட்களில் ரத்து செய்தால் பணம் போகும். சொல்லாமல் வராமல் இருப்பதை வழக்கமாக வைத்திருப்பவருக்கு அந்த வருடம் முன்பதிவே கிடையாது. எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. 11 மாதமா 10 மாதமா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் மற்ற மாநிலங்களும் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஞாயிறு பகலில் நாங்கள் கூடாரத்தை மடித்துக் காரில் ஏற்றினோம். அந்த மூன்று கம்பங்களிலும் சீட்டு அப்படியே இருந்தது.