மூன்று நிமிடப் பாட்டில் தொடங்குங்கள்: ஓபராவின் பெரும் பாடகிகளைக் கேட்பது எப்படி

ஓபரா என்பது பாட்டாலேயே நடத்தப்படும் மேலைநாட்டு இசைநாடகம். அதன் பாடகியின் குரலை முதன்முதலாகக் கேட்கும் நம்மவர்கள் பெரும்பாலும் சொல்வது, “ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?” என்பதுதான். கர்நாடக சங்கீத வகுப்பு நடத்தும் என்னிடம் மாணவிகள் ஓயாமல் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. மைக் கிடையாது. கீழே பெரிய வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் தாண்டி, ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைவரை அந்தக் குரல் போய்ச் சேர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டாலே பாதி தயக்கம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு. முழு ஓபராவை இப்போது தொடாதீர்கள். பாடகிகளின் வாழ்க்கை வரலாற்றையும் முதலில் படிக்காதீர்கள். புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலாஸைத் தேடினால், அவருடைய காதலரான கப்பல் அதிபர் ஒனாசிஸும் சண்டைகளும் உடல் இளைத்த கதையும்தான் முன்னால் வந்து நிற்கும். அவற்றைப் படித்துவிட்டுக் கேட்பவர் குரலில் வம்பைத்தான் தேடுவார். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் ‘தோஸ்கா’ என்ற ஓபராவில் இரண்டாம் அங்கத்தில் வரும் ‘விஸ்ஸி தார்த்தே’. ஏறக்குறைய மூன்று நிமிடம்தான்.

சூழ்நிலை தெரிந்திருக்க வேண்டும். 1800ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரோம். தோஸ்காவே ஒரு பாடகி. அவள் காதலனைப் பக்கத்து அறையில் சித்திரவதை செய்திருக்கிறார்கள், தூக்கு உறுதியாகிவிட்டது. காவல்துறைத் தலைவன் ஸ்கார்பியா, அவள் தன்னையே கொடுத்தால் காதலன் பிழைப்பான் என்கிறான். அந்த இடத்தில் அவள் பாடுகிறாள்: “கலைக்காக வாழ்ந்தேன், காதலுக்காக வாழ்ந்தேன், எந்த உயிருக்கும் தீங்கு செய்ததில்லை.” கடைசி வரி கடவுளைப் பார்த்துக் கேட்பது: “எனக்கு ஏன் இப்படிக் கைம்மாறு செய்கிறாய்?” இத்தாலிய வரிகளைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் பொருளை எழுதிக்கொள்ளுங்கள். சாகித்தியம் தெரியாமல் கீர்த்தனை கேட்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, இதிலும் அப்படித்தான்.

இப்போது காலாஸின் 1953ஆம் ஆண்டு ஒலிப்பதிவைப் போடுங்கள். மிலானின் லா ஸ்கலா அரங்கில் எடுத்தது. வாத்தியக் குழுவை நடத்தியவர் விக்டர் டி சபாத்தா, ஸ்கார்பியாவாக தித்தோ கோப்பி. காலாஸுக்கு அப்போது 29 வயது. முதல் தடவை தாளை மூடிவைத்துவிட்டு வெறுமனே கேளுங்கள். நீண்ட ஸ்வரங்களில் ஒரு சீரான அதிர்வு கேட்கும். நம் காது அதைக் கமகமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கமகத்துக்கு ராகம் காரணம். இந்த அதிர்வு, தடையில்லாமல் மூச்சு ஓடும் குரலில் தானாக வருவது.

இரண்டாம் தடவை தாளோடு கேளுங்கள். தொடக்க வரி படிப்படியாகக் கீழே இறங்கும்; மிக மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு ‘செம்ப்ரே கொன் ஃபே சின்சேரா’ என்று வரும் இடத்தில் ஒரு விஷயம் நடக்கிறது. மெட்டை வாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன. முதல் அங்கத்தில் தோஸ்கா உள்ளே நுழைந்தபோது ஒலித்த அதே மெட்டு. அதன் மேல் அவள் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் நின்று பேசுகிறாள். அழகான மெட்டு கையில் இருந்தும் புச்சீனி அதைப் பாடகியிடம் கொடுக்கவில்லை! இந்த இடத்தில்தான் சாதாரணப் பாடகியும் பெரும் பாடகியும் பிரிந்துபோவார்கள். சொல்லுக்குச் சொல் நிறம் மாற்றத் தெரியாதவருக்கு இங்கே செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. காலாஸ் ‘தொலோர்’ என்ற சொல்லைச் சொல்வதைக் கவனியுங்கள். துயரம் என்று பொருள். தாளைப் பார்க்காமலே அது தெரியும்.

கடைசியில் ‘சிஞ்ஞோர்’ என்ற சொல்லில் உச்ச ஸ்வரம் வரும். அரங்கில் கைதட்டக் காத்திருக்கும் ரசிகர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நீங்கள் அதற்குப் பின்னால் வரும் இறக்கத்தைக் கேளுங்கள். மூச்சை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மேசைமேல் இருக்கும் கத்தி தோஸ்காவின் கண்ணில் படும். ஸ்கார்பியாவைக் குத்திக் கொல்வாள். பிணத்தைப் பார்த்து ஒரே ஸ்வரத்தில், கீழ் ஸ்தாயியில், ஒரு வரி: “இவன் முன்னால்தான் ரோம் முழுவதும் நடுங்கியது!” இந்தப் பதிவின் தயாரிப்பாளர் வால்டர் லெக், மற்ற இடங்களில் பெரும்பாலும் மறுபதிவு தேவைப்படாத காலாஸுடன் இந்த ஒரு வரிக்கு மட்டும் அரை மணி நேரம் உழைத்ததாகப் பின்னாளில் எழுதினார். பாட்டே இல்லாத ஒரு வரிக்கு! என் மாணவிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

அடுத்து, இதே அங்கத்தைக் காலாஸ் நடித்துப் பாடிய இரண்டு படப்பதிவுகளைப் பாருங்கள். ஒன்று 1958 டிசம்பர் 19, பாரிஸ். இன்னொன்று 1964 பிப்ரவரி, லண்டன் கோவென்ட் கார்டன். இரண்டிலும் ஸ்கார்பியா கோப்பிதான். 1964இல் அவருக்கு 40 வயதுதான். ஆனாலும் மேல் ஸ்வரங்கள் தள்ளாடுகின்றன; அதிர்வு அகன்று ஆட்டமாகிவிட்டது. மறைக்க வேண்டியதில்லை, கேளுங்கள். குரல் கைவிட்ட இடத்தில் சொல்லும் உடம்பும் எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்று பாருங்கள். எனக்கு மூன்றில் எது பிடிக்கும் என்றால் 1964தான்.

வாழ்க்கை வரலாற்றை இப்போது திறக்கலாம். 1958 ஜனவரி 2, ரோமில் பெல்லினியின் ‘நோர்மா’ ஓபரா. இத்தாலியக் குடியரசுத் தலைவர் அரங்கில் இருக்கும்போது, குரல் ஒத்துழைக்காததால் முதல் அங்கத்தோடு காலாஸ் நிறுத்திவிட்டார். பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அவரது ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நீங்கள் பார்த்த பாரிஸ் நிகழ்ச்சி அதற்கு அடுத்த மாதம் நடந்தது. தேதிகளை இப்படிப் பதிவுகளின் பக்கத்தில் வைத்துப் படித்தால், வம்பு தானாகவே சிறுத்துவிடும். ஏதென்ஸில் பாடகி எல்விரா டி ஹிடால்கோவிடம் பயின்ற காலத்தையும், 1957இல் லா ஸ்கலாவில் தோனிசெத்தியின் ‘அன்னா போலேனா’வை அவர் மறதியிலிருந்து மீட்டதையும் தவறாமல் படியுங்கள். பெல்லினி, தோனிசெத்தி என்ற இத்தாலிய இசையமைப்பாளர்களின் படைப்புகள் மறுபடி மேடைக்கு வந்ததிலும், பின்னால் சதர்லாண்ட், கபாயே என்ற பாடகிகள் அவற்றில் கொடிகட்டிப் பறந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மற்றப் பெரும் பாடகிகளுக்கும் இதே பாட்டைச் சாவியாக வைத்துக்கொள்ளலாம். 1900 ஜனவரி 14 அன்று ரோமில் முதல் தோஸ்காவாக நின்றவர் ருமேனியாவின் ஹரிக்லியா தார்க்லே. மரியா ஜெரிட்சா தரையில் குப்புறக் கிடந்தபடி இதைப் பாடினார். புச்சீனிக்கே அது பிடித்துப்போனது. நெல்லி மெல்பாவின் பழைய பதிவில் குரல் மெலிந்து கேட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள். 1925க்கு முன் மைக் வைத்துப் பதிவு செய்யும் வழக்கம் வரவில்லை. ஒரு தகரக் குழலுக்குள் பாட வேண்டும், உச்ச ஸ்வரம் வரும்போது பின்னால் தள்ளி நிற்க வேண்டும். ரெனாட்டா டெபால்டியைக் குரலின் வழவழப்புக்காகக் கேளுங்கள். அவரையும் காலாஸையும் மோதவிட்ட ரசிகர் சண்டைகளில் எனக்கு அக்கறை இல்லை.

லியொன்டைன் பிரைஸிடம் மட்டும் நிதானமாக நில்லுங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். 1955 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோஸ்காவாகப் பாடினார். தென் மாநிலங்களில் சில நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. 1961இல் மெட்ரோபாலிடனில் ‘இல் த்ரொவத்தோரே’யில் அறிமுகமானபோது கைதட்டல் 40 நிமிடங்களுக்கு மேல் ஓயவில்லை என்கிறார்கள். கராயன் நடத்திய 1962 வியன்னா ‘தோஸ்கா’ ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஸ்வரங்களில் புகை படிந்தாற்போன்ற ஒரு நிறம், மேலே போகப் போக ஒளி. காலாஸ் சொல்லால் செய்ததை இவர் நாதத்தாலேயே செய்கிறார்.

பிரைஸுக்கு வழி திறந்தவர் மரியன் ஆண்டர்சன். அவர் ‘தோஸ்கா’ பாடியவர் அல்லர். தாழ்ந்த ஸ்தாயிக் குரல். 1939இல் வாஷிங்டனில் நிறவெறியால் ஓர் அரங்கம் மறுக்கப்பட, ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் சுமார் 75,000 பேர் முன்னிலையில் பாடினார். மெட்ரோபாலிடன் மேடையில் ஒரு கறுப்பினத் தனிப்பாடகராக முதன்முதலில் அவர் நின்றது 1955 ஜனவரி 7 அன்று. அப்போது அவருக்கு 57 வயது. அன்று அவர் பாடிய வெர்தியின் ‘பாலோ இன் மஸ்கேரா’ ஓபராவின் பதிவை வைத்து அவர் குரலை எடைபோடாதீர்கள். முதலில் 1930களில் பதிவான ஷூபெர்ட் பாடல்களையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களையும் கேளுங்கள், பிறகு 1939 படிக்கட்டுச் செய்திப்படம், கடைசியாக 1955.