சிங்கப்பூர்க் காட்டுத் தடங்களில் மலை சைக்கிள்: பையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மலையே இல்லையே, மலை சைக்கிள் ஓட்டப் போகிறவருக்குப் பை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தான். அதைச் சுற்றிப் போகும் சைக்கிள் தடம் ஆறேழு கிலோமீட்டர். பல இடங்களில் காது கொடுத்தால் விரைவுச்சாலையின் இரைச்சல் கேட்கும். இந்த அருகாமையை நம்பித்தான் பலர் ஒரு தண்ணீர்ப் புட்டியும் கைப்பேசியுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் குளிர்நாட்டு மலைகளுக்காக எழுதப்பட்ட பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, மடிக்கக்கூடிய மேலங்கியிலிருந்து தீப்பெட்டி வரை முதுகில் ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு வகையினருமே இந்த ஊரின் வெயிலையும் மழையையும் ஈரக்காற்றையும் கணக்கில் எடுப்பதில்லை.

ஈரக்காற்றைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பையில் பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் ஏராளம்; அது இன்னும் வேலை செய்யுமா என்று பார்க்கிறவர்கள் குறைவு. இங்கே ஒரு பையை மாதக்கணக்கில் திறக்காமல் அலமாரியில் வைத்தால் உள்ளே இருப்பவை சத்தமில்லாமல் கெட்டுப்போகும். ஆகவே கீழே நான் சொல்லும் தவறுகளில் பாதி, எடுக்காமல் விட்டவை பற்றியவை அல்ல. எடுத்துப் போயும் உதவாதவை பற்றியவை.

டியூப் இருந்தது, ஆனால்…

செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் வடக்குப் பகுதியில் ஓர் இளைஞர் தடத்தின் ஓரமாகச் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணா, பம்பு கிடைக்குமா?" என்று கேட்டார். கொடுத்தேன். கூடுதல் டியூப் அவரிடமே இருந்தது, கடையில் வாங்கிய அட்டைப்பெட்டி மட்டும்தான் இல்லை. டயருக்குள் நுழைத்து, காற்றடித்து முடித்த அடுத்த நிமிடமே சக்கரம் மறுபடியும் தளர்ந்தது. வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தோம். டியூபை மடித்திருந்த மடிப்பின் விளிம்பில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கீறல். திருகாணிகளைத் திருகும் அல்லன் சாவிகளோடு பையின் ஒரே அறையில் போட்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரும்பின் முனை அந்த மடிப்பிலேயே உரசி உரசி வந்திருக்கிறது. பஞ்சர் ஒட்டும் பெட்டியும் வைத்திருந்தார். அதிலிருந்த பசைக் குழாயை அமுக்கினால் காற்றுதான் வந்தது. ஒருமுறை திறந்த பசை இந்த வெக்கையில் நீண்ட நாள் தாங்காது.

கூடுதல் டியூபை ஒரு பழைய காலுறைக்குள் போடுங்கள், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். கருவிகள் வேறு அறையில் இருக்கட்டும். பசைக் குழாயைத் திறந்துவிட்டால் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, பைக்குப் புதியதை வாங்குங்கள். சில வெள்ளியில் முடிகிற விஷயம்.

அளவும் கவனிக்க வேண்டியது. 26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று சக்கர அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. சைக்கிளை மாற்றியவர்கள் பையிலிருக்கும் டியூபை மாற்ற மறந்துவிடுகிறார்கள். வால்வும் இரண்டு வகை: மெல்லியதான பிரெஸ்டா, கார் டயரில் இருப்பதைப் போன்ற ஷ்ரேடர். பம்பின் தலை உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்பதை வரவேற்பறையில் ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள். காட்டில் கொசுக்கடியோடு கண்டுபிடிக்க வேண்டிய செய்தி அல்ல அது.

டியூப் இல்லாத டியூப்லெஸ் சக்கரம் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அவர்கள் கவலையே பெரிது. டயருக்குள் ஊற்றியிருக்கும் அடைப்புத் திரவம் நம் வெப்பத்தில் வேகமாகக் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்காவிட்டால் உள்ளே ரப்பர்த் தோல் போலப் படிந்த கறைதான் மிஞ்சும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். திரவம் தளும்பும் ஓசை கேட்க வேண்டும். ஓட்டை அடைக்கும் பிளக்கைப் பையின் அடியில் புதைக்காதீர்கள். காற்று சீறிக்கொண்டு வெளியேறும் அந்த அரை நிமிடத்தில் கைக்கு எட்டினால்தான் அது பயன்படும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் பிளக் போதாது. ஆகவே டியூப்லெஸ் ஆனாலும் ஒரு டியூப் கட்டாயம் வேண்டும்.

டயரை நிரப்பச் சிறிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மட்டும் நம்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 16 கிராம் சிலிண்டர் ஒரு முறைதான். வால்வில் சரியாகப் பொருந்தாமல் திருகினால் மொத்தமும் காற்றோடு கலந்துவிடும். சிறிய கைப்பம்பு ஒன்று உடன் இருந்தால் இந்தப் பதற்றமே வேண்டாம்.

சங்கிலி அறுந்தால்

சங்கிலியை இணைக்கும் குவிக் லிங்க் ஒன்றைப் பையில் வைத்திருப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள், நல்லது. ஆனால் 11 கியர் சங்கிலிக்கான இணைப்பு 12 கியர் சங்கிலிக்குப் பொருந்தாது. சங்கிலியை மாற்றும் நாளிலேயே பையிலிருக்கும் இணைப்பையும் மாற்றிவிட வேண்டும். அதோடு பல கருவிகள் ஒன்றாக மடிந்திருக்கும் மல்டி டூலில் சங்கிலியின் முள்ளைத் தள்ளும் கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்த கண்ணியை அகற்றாமல் புது இணைப்பைப் போட முடியாது.

பின்சக்கரத்தில் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு, பல சைக்கிள்களில் வேறுவேறு வடிவம். கீழே விழும்போது சட்டகம் உடையாமலிருக்கத் தான் உடைவதற்காகவே செய்யப்பட்டது. நண்பரிடம் கடன் வாங்கினாலும் பொருந்தும் என்று நம்ப முடியாத பொருள் இது. ஐம்பது கிராம்கூட இல்லை, வாங்கிப் பையில் போட்டு மறந்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்கு

இங்கே அதிகம் பேர் அடிபடுவது இதில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதிகாலையில் கிளம்பினால் தண்ணீர் குறைவாகப் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிங்கப்பூரில் அதிகாலையில்தான் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மரங்களுக்கு அடியில் காற்றோட்டமும் கிடையாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரமான காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடலோ மேலும் வியர்க்கும். கடுமையாக ஓட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இழக்கலாம். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு முக்கால் லிட்டர்ப் புட்டி ஒன்று என்பது கணக்கே ஆகாது. இரண்டு லிட்டர் வேண்டும்.

வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பதும் தவறு. வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு புட்டியில் தண்ணீர், ஒன்றில் 100 பிளஸ் போன்ற பானம் அல்லது உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரம் நுழைந்திருந்தால் உள்ளே கட்டிதட்டியிருக்கும்.

முதுகுப்பையில் வைக்கும் தண்ணீர்ப் பை வசதியானதுதான். முந்தைய இரவு பாதி நிரப்பி உறைய வைத்து, காலையில் மீதியை ஊற்றினால் நெடுநேரம் குளிர்ச்சி இருக்கும். ஆனால் பயணம் முடிந்ததும் மீதித் தண்ணீரோடு மூட்டைக்குள்ளேயே விட்டுவிட்டால் குழாயில் கரும்பூஞ்சை பிடித்துவிடும். கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, முடிந்தால் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள்.

தின்பண்டமும் குரங்கும்

சாக்லேட் உருகும், வாழைப்பழம் நசுங்கும். பேரீச்சம்பழமும் தேக்கா சந்தையில் கிடைக்கும் கடலைமிட்டாயும் இந்த வெயிலுக்குத் தாங்கும். எனக்கு அவற்றைவிட நல்ல பயண உணவு தெரியாது. எதை எடுத்தாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். புக்கிட் தீமா வட்டாரத்து நீண்டவால் குரங்குகளுக்கு அந்தப் பையின் சரசரப்பே சாப்பாட்டு மணி. பையைப் பறிக்க வரும் குரங்கோடு மல்லுக்கட்டினால் கடி வாங்குவது நாம்தான். பாவம் என்று ஒரு துண்டு வீசுவதும் கூடாது. 2020 முதல் காட்டு விலங்குகளுக்கு வேண்டுமென்றே உணவிடுவது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

மழைக்கு மேலங்கி எதற்கு?

மழையங்கி எடுக்க மறந்தேன் என்று வருந்துகிறவர்களிடம் நான் சொல்வது, அது வீட்டிலேயே இருக்கட்டும் என்பதுதான். 30 பாகை வெப்பத்தில் மழையங்கி அணிந்து மிதித்தால் உள்ளிருந்து வரும் வியர்வையில் நனைவீர்கள். உடம்பு நனையலாம், பொருள்கள்தாம் நனையக் கூடாது. கைப்பேசி, பணம், மருந்து, மாற்றுச் சட்டை ஆகியவற்றை நீர்புகாப் பையில் போட்டு மூடுங்கள்.

மழையைவிட மின்னலே இங்கு ஆபத்து. ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடிமழை காணும் ஊர் இது. பிற்பகல் இடி எல்லோருக்கும் தெரியும். சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன்பும் காலையிலும் பலத்த காற்றோடு வந்து அடிக்கும் மழையை, ஞாயிறு காலையில் கிளம்புகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இதற்குப் பையில் வைக்கக்கூடிய மருந்து எதுவும் கிடையாது. வானிலைச் செயலியைக் கிளம்பும் முன்பும் தடத்தின் வாயிலிலும் பாருங்கள். இடி கேட்டால் திறந்தவெளியையும் தனி மரத்தையும் விட்டு விலகி, உறுதியான கட்டடத்துக்குள் போங்கள்.

விளக்கும் தலைக்கவசமும்

பகலில் ஓட்டுகிறோம், விளக்கு வேண்டாம் என்பது அடுத்த தவறு. எம்ஆர்டி ரயிலில் மடிக்கக்கூடிய சிறிய சைக்கிளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். மலை சைக்கிளை ஏற்ற முடியாது. கார் இல்லாதவர் சாலையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும்தான் வீடு திரும்ப வேண்டும். ஒரு பஞ்சர், ஒரு மழை போதும், மணி ஏழைத் தாண்டிவிடும். மாலை 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது சட்டம். சாலையில் தலைக்கவசமும் 2019 முதல் கட்டாயம். காட்டின் அடர்ந்த பகுதிகளில் ஆறரை மணிக்கே வேர் எது, நிழல் எது என்று தெரியாது.

புலாவ் உபினுக்குப் போகிறவர்களுக்கு

உபின் தீவிலுள்ள கேத்தாம் சைக்கிள் பூங்கா 2008-இல் திறக்கப்பட்டது. சுமார் 10 கிலோமீட்டர்த் தடம், அதில் சில பகுதிகள் இரட்டைக் கருவைரக் குறியிட்டவை, அதாவது தேர்ந்தவர்களுக்கு மட்டும். தீவு என்பதால் இங்கே பையின் கணக்கு மாறுகிறது.

சாங்கி முனையிலிருந்து படகு 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ரொக்கம் வேண்டும், எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே செலுத்திப் பழகியவர்கள் படகுத்துறையில் விழிக்கிறார்கள். கைப்பேசி இன்னொரு வகையிலும் காலை வாரும். ஜொகூர்க் கரை அருகில் இருப்பதால் உபினில் அது தானாக மலேசியத் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். படகில் ஏறும்போதே அமைப்புகளில் உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அலைவரிசை தேடித் தேடி மின்கலமும் தீர்ந்துபோகும். சிறிய பவர் பேங்க் ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது.

காயத்துக்கு

முதலுதவிப் பெட்டி என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் விரல் வெட்டுக்கான பிளாஸ்திரிதான் இருக்கும். சரளையில் சறுக்கினால் முழங்கை முழுக்கத் தோல் உரியும். அதற்கு வேண்டியவை காயத்தைக் கழுவ உப்புநீர்க் குப்பிகள், பெரிய துணிப்பட்டை, சுற்றுத்துணி, சிறு கற்களை எடுக்க இடுக்கி. முக்கோணத் துணி ஒன்று கட்டாயம்: கையை ஊன்றி விழுகிறவர்களுக்குக் காறையெலும்பு முறிவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடக்கிறது, கையைக் கழுத்தோடு தொங்கவிட அதுதான் உதவும். பிளாஸ்திரியின் பசை வெக்கையில் இளகியிருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆம்புலன்சுக்கு 995. தடத்தில் நுழையும்போது வரைபடப் பலகையைப் படமெடுத்து வைத்தால், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் குழறாது.

கொசு விரட்டி வேண்டும். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்ததாக இருந்தால் கையில் பூசிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தொடாதீர்கள், அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

ஐந்து பேர் சேர்ந்து போகும்போது நடப்பது வேறு. எல்லாரிடமும் பம்பு இருக்கும், சங்கிலிக் கருவி யாரிடமும் இருக்காது. யாராவது ஒரு மூத்தவர் கொண்டு வருவார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். டியூப், ஹேங்கர், தண்ணீர் மூன்றும் ஆளுக்கு ஆள் தனி. பம்பு, கருவி, முதலுதவியை முந்தைய நாளே பிரித்துக்கொள்ளலாம். முதலுதவிப் பை வேகமாக ஓட்டுகிறவரிடம் இருக்கக் கூடாது, கடைசியில் வருகிறவரிடம்தான் இருக்க வேண்டும். முன்னால் போனவர் விழுந்தால் பின்னால் வருகிறவர் எப்படியும் அங்கே வந்து சேருவார்.

வீடு திரும்பியதும் குளிக்கப் போகும் முன் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். கருவிகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பையைத் திறந்தபடி காற்றாட மாட்டுங்கள். எதைப் பயன்படுத்தினீர்களோ அதை அந்த வாரத்துக்குள் வாங்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை இரவு ஞாபகம் வரும்போது சைக்கிள் கடை மூடியிருக்கும்.