மூட்டையா, கிலோவா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணினி வேலை எனக்கு. நெல் வரவு, அரவை, இருப்பு எல்லாம் ஈஆர்பியில், அதாவது ஆலையின் கணக்குவழக்கை நடத்தும் மென்பொருளில். விற்பனைப் பையன்கள் கடைகடையாகப் போய் எடுக்கும் ஆர்டர் சிஆர்எம்மில், அதாவது வாடிக்கையாளர் விவரத்தைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளில். இரண்டையும் ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள்கள் தாங்களே தகவல் பரிமாறிக்கொள்ளும் வழியில், இணைத்தேன். முதல் வாரமே வம்பு.

கும்பகோணத்துக் கடை ஒன்று 40 மூட்டை கேட்டிருந்தது. ஈஆர்பியில் 40 கிலோ என்று விழுந்தது. ஈஆர்பியில் அலகு கிலோ, சிஆர்எம்மில் மூட்டை. சரி, 25ஆல் பெருக்கினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததால், நாங்கள் 26 கிலோ மூட்டையும் போடுகிறோம். சிஆர்எம்மிலோ இரண்டுக்கும் ஒரே பெயர்: பொன்னி மூட்டை! தனித்தனிப் பொருள் குறியீடு கொடுத்து, மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை ஈஆர்பியிலேயே அந்தக் குறியீட்டோடு எழுதி வைத்தேன். கணக்கு நேரானது.

அப்புறம் கரண்ட். நடுவில் போய்த் திரும்பினால் அதே ஆர்டர் இரண்டாம் முறையும் பதிவாகும். சிஆர்எம் ஆர்டர் எண்ணை ஈஆர்பியில் ஒரு முறைக்கு மேல் ஏற்காதபடி பூட்டினேன். ஒரே பெயரில் மூன்று கடைகள் இருந்த குழப்பத்தை 15 எழுத்து ஜிஎஸ்டி எண் தீர்த்தது. அது இல்லாத சின்னக் கடைகளுக்குக் கைப்பேசி எண்.

இருப்பு விவரம் ஈஆர்பியிலிருந்து மட்டுமே போகும், விற்பனையில் யாரும் அதைத் திருத்த முடியாது. முதலாளி மட்டும் இன்னும் சிட்டையில்தான் சரிபார்க்கிறார்.