மோட்டார் ரூமில் போகாத சில நம்பிக்கைகள்

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தபின், மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைத்த கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் ஏறியது. இத்தனை தலைமுறை பழகியும் கொங்குத் தோட்டங்களில் கரண்ட் பற்றிய சில தப்பான நம்பிக்கைகள் போகவில்லை.

'எம்.சி.பி. இருக்குது, பயமில்லை' என்பார்கள். கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகும் ஸ்விட்ச் அது. 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஈரக்கையோடு தொட்டால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. இதயத் துடிப்பு தாறுமாறாக 100 மில்லி ஆம்பியரே போதும். ஆளைக் காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக ஆஃப் ஆகும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் வேண்டும். அதோடு ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

மோட்டாரில் ஷாக் அடிக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது இன்னொரு பழக்கம். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையே மின் துடிப்புதான். நரம்புச் சவ்வின் இரு பக்கமும் இருக்கும் வித்தியாசம் சுமார் 70 மில்லிவோல்ட். வெளியிலிருந்து 10 மில்லி ஆம்பியர் அளவில் ஏ.சி. கரண்ட் நுழைந்தாலே மூளையின் பேச்சு எடுபடாது. விரலை மடக்கும் தசைகள் வலுவானவை என்பதால் கை இறுகிக்கொள்ளும். கரண்ட் 'பிடித்து இழுக்கிறது' என்கிறோமே, பிடிப்பது நம் கைதான்.

எல்லாவற்றிலும் மோசமானது பன்றிக்காக வேலிக் கம்பியில் நேரடி லைன் கொடுப்பது. 'சோலார் வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ட், இது வெறும் 230தானே' என்று அதற்கொரு நியாயமும் சொல்வார்கள். சோலார் வேலியில் கரண்ட் மில்லி செகண்ட் கணக்கில் பாய்ந்துவிட்டு, ஏறக்குறைய ஒரு நொடி ஓய்கிறது. அந்த இடைவெளியில் தசை தளரும், பன்றி துள்ளி ஓடிவிடும். நேரடி லைனில் ஓய்வே இல்லை. ஆனைகட்டிப் பக்கம் யானையும் சாகலாம், ராத்திரி தண்ணி கட்டப் போகிற பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சாகலாம். சட்டப்படி அது குற்றம்.

மூணு பேஸ் மோட்டாரை ரெண்டு பேஸில் ஓட்டக் கண்டென்சர் மாட்டியிருந்தால், ஸ்விட்சை ஆஃப் செய்த கையோடு அதைத் தொடாதீர்கள். உள்ளே சார்ஜ் நிற்கும்.

சரி, ஒருவர் மாட்டிக்கொண்டால்? ஓடிப்போய்த் தொடவும் கூடாது, தண்ணி தெளிக்கவும் கூடாது. முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். மூச்சு நின்றிருந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பலமாக அடி வாங்கியவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும், ஆஸ்பத்திரியில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது.